ஃபிரேமுக்குள் வந்து போன கை

விஸ்காம் மூன்றாம் ஆண்டில் ஒவ்வொருவரும் ஒரு சின்ன ஆவணப்படம் எடுத்துத் தர வேண்டும். 12 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பது மட்டும்தான் விதி. நான் காஞ்சிபுரம் பட்டு நெசவை எடுத்துக்கொண்டேன். பத்து நாளில் முடிந்துவிடும் என்று நினைத்த வேலை ஐந்து மாதம் இழுத்தது. முதலில் முடித்த படம் பார்க்க நன்றாக இருந்தது, எல்லோரும் பாராட்டினார்கள், ஆனால் அது சொன்ன விஷயம் தப்பு. அது எப்படித் தப்பானது, அதை எப்படிக் கண்டுபிடித்தேன், என்ன மாற்றினேன் என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன். படம் எடுக்கப் படிக்கிறவர்களுக்கு என் ஃபுட்டேஜை, அதாவது எடுத்து வைத்த மூலக் காட்சிகளை, திறந்து காட்டுவது போல இதை வைத்துக்கொள்ளலாம்.

நெசவைத் தேர்ந்ததற்கு முக்கியக் காரணம் அது பார்க்க அழகு என்பதுதான். பட்டு இழையில் வெளிச்சம் பட்டால் போதும், ஷாட் தானாகவே நன்றாக வந்துவிடும் என்று நம்பினேன். நண்பன் ஒருவனின் உறவினர் வழியாகப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீடு கிடைத்தது. முன்னறை முழுக்க ஒரு தறிதான். தறிக்குக் கீழே குழி, குழிக்குள் கால் மிதி, மேலே துளையிட்ட அட்டைகளை வைத்து டிசைனுக்கு ஏற்ப இழைகளைத் தூக்கும் ஜக்கார்டு பெட்டி, அதிலிருந்து தொங்கும் நூல்கள். நெய்கிற அண்ணாவுக்கு ஐம்பது வயது இருக்கும். பக்கத்தில் அவர் மனைவி. இரண்டு பேரும் காலை ஆறரைக்கு உட்கார்ந்தால் பத்து மணிக்குத்தான் எழுந்திருப்பார்கள்.

போவதற்கு முன்பே கோர்வை என்றால் என்ன என்று படித்திருந்தேன். சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தறியிலேயே இழைக்கு இழை கோத்து நெய்வது கோர்வை. அதற்கு மூன்று நாடா வேண்டும். நாடா என்பது குறுக்கு இழையைச் சுமந்து ஓடும் கட்டை. உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. மூன்றையும் ஒருவரே ஓட்டுவது கடினம் என்பதால் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு பக்கத்துக் கரை நாடாவைப் போடுவார். இது என் குறிப்பு நோட்டில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. இன்றைக்கும் அந்தப் பக்கத்தைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. தெரிந்துகொண்டுதான் போனேன், அப்படியும் என் கண்ணில் அது படவில்லை.

முதல் நாள் எடுத்தது முழுக்க வீண்

இதை விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. இரவல் வாங்கிய கேமரா விநாடிக்கு 30 ஃபிரேம் (தனித்தனிப் படம்), ஷட்டர் 1/60 (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் திறந்திருக்கும் நேரம், விநாடியில்) என்று வைக்கப்பட்டிருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. அறையில் பழைய சோக் வைத்த ட்யூப் லைட். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் அந்த விளக்கு விநாடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஒவ்வொரு ஃபிரேமும் விளக்கின் துடிப்பை வெவ்வேறு இடத்தில் வெட்டி எடுக்கும்போது, படம் முழுக்க வெளிச்சம் அலை அலையாக ஏறி இறங்கும். சின்னத் திரையில் அது எனக்குத் தெரியவே இல்லை. இரவு லேப்டாப்பில் போட்டுப் பார்த்தபோது மூன்று மணி நேரக் காட்சியும் அப்படித் துடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் 25 ஃபிரேம், 1/50 என்று மாற்றினேன். துடிப்பு நின்றது. ஒரு ஃபிரேம் திறந்திருக்கும் நேரத்துக்குள் விளக்கு சரியாக இரண்டு தடவை துடித்து முடிக்கிறது, எல்லா ஃபிரேமுக்கும் ஒரே அளவு வெளிச்சம் கிடைக்கிறது. வகுப்பில் இந்தக் கணக்கைத் தேர்வுக்காக எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த வீட்டின் ட்யூப் லைட்டுக்குக் கீழே நின்றபோதுதான் அது எனக்குப் புரிந்தது.

இரண்டாவது கேமராவாக நண்பனின் போனை வைத்தோம். போன் சீரான வேகத்தில் பதிவு செய்வதில்லை. வெளிச்சம் குறைந்தால் ஃபிரேம் எண்ணிக்கையை அதுவே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். எடிட்டிங் மென்பொருளில் ஷாட்டுகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனில் வைத்தபோது தொடக்கத்தில் சத்தமும் உதடும் சேர்ந்திருக்கும், நான்கு நிமிடம் போனதும் விலகிவிடும். எல்லா போன் காட்சியையும் சீரான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிய பிறகுதான் எடிட்டிங்குக்குள் கொண்டுவர முடிந்தது. அப்புறம் இடப் பிரச்சினை. நான் எடுத்த தரத்தில் ஒரு மணி நேரக் காட்சி ஏறக்குறைய 45 ஜிபி. நல்ல ஃபுட்டேஜ் மட்டும் ஆறு மணி நேரம் இருந்தது. 8 ஜிபி ராம் உள்ள என் லேப்டாப் திணறியது. எடை குறைந்த பிராக்சி நகல்களை உருவாக்கி அவற்றை வைத்து வெட்டினேன், கடைசியில் அசலுக்கு மாற்றினேன். இவை எல்லாம் ஒரு வாரத்தைத் தின்றன. ஆனால் இவை படத்தின் உண்மையான பிரச்சினை இல்லை.

கைதட்டல் வாங்கிய முதல் வடிவம்

ரஃப் கட், அதாவது முதல் வெட்டு வடிவம், ஒன்பதரை நிமிடம் வந்தது. தறிக்கு ஒரு தாளம் உண்டு: மிதி இறங்கும், நாடா ஓடும், இழையை நெருக்கும் பலகை அடிக்கும். அந்தத் தாளத்துக்கே கட் பண்ணினேன். பலகை அடிக்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு புது ஷாட். இழையின் குளோசப், ஜரிகையின் மினுமினுப்பு, அண்ணாவின் கால், அவர் முகம், ஜக்கார்டு அட்டைகள் புரள்வது. நடுவில் அண்ணாவின் குரல்: "பதினஞ்சு வயசுல உட்கார்ந்தேன் தம்பி, இன்னும் எழுந்திருக்கல."

வகுப்பில் போட்டபோது கை தட்டினார்கள். எடிட்டிங் சொல்லித்தரும் மேடம் மட்டும் தட்டவில்லை. ஒரு ஷாட்டில் நிறுத்தச் சொன்னார். அண்ணா நாடாவை விடுவதற்கு முன் தலையை லேசாகத் திருப்பிப் பக்கவாட்டில் பார்க்கிறார். அடுத்த ஷாட்டாக நான் ஜரிகைக் கரையின் குளோசப்பை வைத்திருந்தேன்.

"அவர் எதைப் பார்க்கிறார்?"

"கரையைப் பார்க்கிறார், மேடம். சரியா வந்திருக்கான்னு."

"அவர் அதைத்தான் பார்த்தாரா, நீ பார்க்க வச்சியா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மொத்த ஃபுட்டேஜையும் சத்தத்தை நிறுத்திவிட்டு மறுபடி பார்த்து, ஒவ்வொரு கிளிப்புக்கும் நேராகத் திரையில் என்ன தெரிகிறதோ அதை மட்டும் எழுதி வரச் சொன்னார். நன்றாக இருக்கிறது, இல்லை என்ற கருத்தே கூடாது என்றார்.

எடிட்டிங் படிக்கிற யாருக்கும் குலெஷோவ் பெயர் தெரியும். சுமார் நூறு வருடத்துக்கு முன் ரஷ்யாவில் ஒரு நடிகரின் ஒரே முகத்தை எடுத்து, அதன் பக்கத்தில் ஒரு தடவை சூப் கிண்ணத்தையும் இன்னொரு தடவை சவப்பெட்டியையும் ஒட்டிக் காட்டினார் என்பார்கள். முகம் மாறவில்லை, பார்த்தவர்கள் அதில் பசியையும் துக்கத்தையும் படித்தார்கள். நாங்களும் முதல் ஆண்டில் கேன்டீனில் ஒரு நண்பனின் முகத்தை வைத்து அதைச் செய்து பார்த்தோம். அப்போது எனக்கு அது எடிட்டரின் பலமாகத் தெரிந்தது. இரண்டு ஷாட்டை ஒட்டினால் மூன்றாவது அர்த்தம் பிறக்கிறது, அதைச் செய்கிறவன் நான் என்று பெருமையாக இருந்தது. கேன்டீனில் அதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆவணப்படத்தில் அந்த முகத்துக்குச் சொந்தமான மனிதர் எதையோ உண்மையாகவே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒட்டிய ஷாட் அவர் பார்த்ததை அழித்துவிட்டது.

நோட்டில் திரும்பத் திரும்ப வந்த மூன்று வார்த்தை

ஆறு மணி நேரக் காட்சியைப் பார்த்து எழுத நான்கு இரவு ஆனது. கோடு போட்ட நோட்டில் கிளிப் எண், நேரம், என்ன தெரிகிறது. முதல் இரவின் நடுவில் "இடது ஓரம், கை" என்று எழுதினேன். அண்ணாவுக்கு நேர் எதிரே டிரைபாடை வைத்திருந்தேன், அவர் முகம் நடுவில். ஃபிரேமின் இடது ஓரத்தில் ஒரு கை உள்ளே வந்து, எதையோ செருகிவிட்டு, வெளியே போகிறது. அடுத்த கிளிப்பிலும் அதே கை. அதற்கடுத்ததிலும். மூன்றாவது இரவில் "இ.ஓ. கை" என்று சுருக்கி எழுத ஆரம்பித்தேன். கடைசியில் எண்ணிப் பார்த்தால் 63 கிளிப்பில் அந்தக் கை இருந்தது. அந்தக் கையின் முகம் ஒரு கிளிப்பில்கூட இல்லை.

அது அக்காவின், அண்ணாவின் மனைவியின் கை. கரை நாடாவைப் போடுகிற கை. மூன்று நாள் அந்த அறையில் இருந்தேன். அவர் கொடுத்த காபியைக் குடித்தேன். என் கேமரா பையை அவர்தான் குழிக்குள் விழாமல் நகர்த்தி வைத்தார். என் ஃபுட்டேஜில் அவர் ஒரு மணிக்கட்டும் இரண்டு வளையலும்தான்.

அண்ணாவின் தலைத் திருப்பலும் அப்போதுதான் புரிந்தது. மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். அண்ணா உடல் நாடாவை விடுகிறார். பார்வை பக்கவாட்டில் போகிறது. அந்தக் கை உள்ளே வருகிறது, கரை நாடாவைக் கோத்து விடுகிறது, வெளியேறுகிறது. அதற்குப் பிறகுதான் அண்ணா பலகையை இழுத்து அடிக்கிறார். அவர் ஒவ்வொரு இழைக்கும் அக்காவுக்காகக் காத்திருக்கிறார். நான் தாளம் என்று நினைத்து வெட்டியது இரண்டு பேர் ஒருவருக்கு ஒருவர் காத்திருக்கும் இடைவெளியை. தாளம் வேகமாக இருக்க வேண்டும் என்று அந்த இடைவெளியை எல்லா இடத்திலும் வெட்டி எறிந்திருந்தேன்.

இந்தத் தப்பு எடிட்டிங் மேசையில் தொடங்கவில்லை. டிரைபாடை வைத்த நொடியிலேயே தொடங்கிவிட்டது. "நெசவாளரைப் பற்றிய படம்" என்று என் திட்டத் தாளில் ஒருமையில் எழுதியிருந்தேன். கேமராவும் ஒருமையிலேயே பார்த்தது. நடுவில் ஒரு முகத்தை அழகாக வைக்க வேண்டும் என்று நான் கற்ற ஃபிரேமிங் பாடமும் இதற்கு உதவியது. ஓரத்தில் தெரியும் கை ஃபிரேமைக் கெடுக்கிறது என்று சில ஷாட்டில் அதை முழுவதும் விலக்கும்படி கேமராவை நகர்த்தியும் இருக்கிறேன். அந்த நகர்வு ஃபுட்டேஜில் பதிவாகியிருக்கிறது.

மறுபடி போனது

ஒரு மாதம் கழித்துப் போனேன். அக்காவிடம் நேராகச் சொன்னேன்: "அக்கா, போன தடவை உங்களை நான் எடுக்கவே இல்லை. இப்ப எடுக்கலாமா?"

"என்னை எதுக்கு தம்பி? நெய்யறவரு அவருதானே."

அண்ணா குழிக்குள் இருந்தபடியே சொன்னார்: "அவ எழுந்து போனா நான் சும்மாதான் உட்கார்ந்திருக்கணும். எடுத்துக்க தம்பி."

அன்று கேமராவைத் திறக்கவில்லை. பேசிக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பினேன். அவருக்கு இதைப் பற்றி யோசிக்க ஒரு நாள் தேவை என்று எனக்குத் தோன்றியது. மறுநாள் காலை அவரே, "எங்க உட்காரணும்?" என்று கேட்டார். எப்போதும் உட்காரும் இடத்திலேயே உட்காரச் சொன்னேன். இந்தத் தடவை இடம் மாற வேண்டியது நான்.

இப்போது இரண்டு சிக்கல். முதலாவது, சேலை மாறிவிட்டது. அந்த வீட்டில் ஒரு சேலைக்குப் பதினைந்து நாள் ஆகும். முதலில் எடுத்தது அரக்கு உடல், பச்சைக் கரை. இப்போது தறியில் மயில் கழுத்து நிறம். பழைய ஷாட்டையும் புதிய ஷாட்டையும் கலந்து வெட்டவே முடியாது. இரண்டு இரவு தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்த மாற்றத்தை ஒளிக்க வேண்டாம், படத்தின் நடுவில் திறந்தே வைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். முதல் பாதி அரக்குச் சேலை: நான் முதலில் பார்த்த விதத்திலேயே நெருக்கமான ஃபிரேம்கள், ஓரத்தில் அந்தக் கை வந்து போவதை வெட்டாமல். பிறகு தறி நிற்கிற ஓர் அமைதி. அடுத்த ஷாட்டில் நிறம் மாறியிருக்கிறது, ஃபிரேம் விரிந்திருக்கிறது, இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். படத்தின் அமைப்பு எனக்கு இப்படித்தான் கிடைத்தது. முன்கூட்டியே யோசித்திருந்தால் எனக்கு இது வந்திருக்காது.

இரண்டாவது சிக்கல், கோடு. அக்காவின் முகத்தை எடுக்கக் கேமராவைத் தறியின் மறுபக்கம், அவர்களுக்குப் பின்னால் இருந்து சாய்வாக வைத்தேன். காட்சியின் நடுவே ஒரு கற்பனைக் கோடு போட்டு, கேமரா அதன் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது 180 டிகிரி விதி; அதை மீறினால் பார்ப்பவருக்குத் திசை குழம்பும் என்று படித்திருக்கிறோம். சாதாரணக் காட்சியில் அது ஒரு சின்ன உறுத்தல். தறியில் அது பொய்யாகவே மாறிவிடும். முன்னாலிருந்து பார்க்கும்போது இடமிருந்து வலமாக ஓடும் நாடா, பின்னாலிருந்து பார்த்தால் வலமிருந்து இடமாக ஓடும். இரண்டையும் ஒட்டினால், நாடா போய்விட்டுத் திரும்பி வருகிறது என்றுதான் தெரியும். நெசவில் திரும்பி வருவது என்றால் அது அடுத்த இழை. ஒரு இழையை இரண்டு இழையாகக் காட்டிவிடுவேன். அதனால் பின்னாலிருந்து எடுத்த ஷாட்டுகளில் நாடா ஓடும் எதையும் பயன்படுத்தவில்லை, முகத்தை மட்டும் வைத்துக்கொண்டேன்.

பேட்டியை இந்த முறை தறி நின்ற பிறகு, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் எடுத்தேன். முதல் தடவை நெய்துகொண்டே பேசச் சொல்லியிருந்தேன். காலர் மைக் வைத்தும் பாதிப் பேச்சைத் தறிச் சத்தம் விழுங்கியிருந்தது. பேசி முடித்ததும் யாரும் அசையாமல் ஒரு நிமிடம் அந்த அறையின் சும்மா இருக்கும் சத்தத்தையும் பதிவு செய்தேன். மின்விசிறி, தெருவில் ஒரு சைக்கிள் மணி, உள்ளே பாத்திரச் சத்தம். இந்த ரூம் டோன் இல்லாமல் பேச்சை வெட்டினால் ஒவ்வொரு வெட்டும் காதில் குழி மாதிரி விழும். எடிட்டிங்கில் எனக்கு மிக அதிகம் உதவிய ஒரு நிமிடம் அதுதான்.

அக்கா பேசியதில் நான் வைத்துக்கொண்டது நாற்பது விநாடி. கல்யாணமாகி வந்த மறு மாதம் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது, கூலி அட்டையில் அண்ணா பெயர் மட்டும் இருப்பது. "நான் கணக்குல இல்ல, தறியில இருக்கேன்" என்றார். அதைக் கோபமாகவோ வருத்தமாகவோ சொல்லவில்லை, விலாசம் சொல்வது போலச் சொன்னார். அந்த வரிக்குக் கீழே இசை வைத்துப் பார்த்தேன். பார்க்கிறவரிடம் "இங்கே வருத்தப்படு" என்று கட்டளை இடுவது போல ஆகிவிட்டது. எடுத்துவிட்டேன். அவர் குரலை அவர் முகத்துக்கு மூன்று விநாடி முன்பே தொடங்கினேன், ஜே கட் என்பார்களே, அது. முதல் பாதியின் கடைசி ஷாட்டில், ஓரத்தில் கை மட்டும் தெரியும்போது அந்தக் குரல் கேட்கத் தொடங்குகிறது. கைக்கு முதலில் குரல் வருகிறது, பிறகு முகம் வருகிறது.

அண்ணாவின் தலைத் திருப்பலை இரண்டாம் பாதியில் ஒரே ஷாட்டாக, வெட்டே இல்லாமல் 38 விநாடி விட்டேன். அவர் பார்க்கிறார், அக்கா போடுகிறார், அவர் அடிக்கிறார். வகுப்பில் சிலர் அந்த இடம் இழுக்கிறது என்றார்கள். நான் குறைக்கவில்லை.

அவர்கள் பார்த்த நாள்

சமர்ப்பிக்க இரண்டு நாள் இருந்தபோது லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பிள்ளையார்பாளையம் போனேன். தறி மேலேயே ஒரு பலகையைப் போட்டு அதில் வைத்தோம். அண்ணா, அக்கா, பக்கத்து வீட்டிலிருந்து மூன்று பேர். படம் 11 நிமிடம் 6 விநாடி. மேடம் பார்த்திருந்தார், வகுப்பு பார்த்திருந்தது, நான் நூறு தடவைக்கு மேல் பார்த்திருந்தேன்.

எட்டாவது நிமிடத்தில் அக்கா கையைத் தூக்கினார். "தம்பி, கொஞ்சம் பின்னாடி போ."

போனேன். வேகத்துக்காக நான் கோத்திருந்த ஒரு சின்னத் தொடர் அது. அண்ணாவின் கையிலிருந்து நாடா கிளம்பும் குளோசப், உடனே பலகை அடிக்கும் குளோசப்.

"இங்க நான் போடலையே" என்றார். "இவரு விட்டாரு, அடிச்சுட்டாரு. நடுவுல நான் போடணும். இப்படி நெய்தா அந்த இடத்துல கரை விட்டுப்போயிடும்."

அண்ணா குனிந்து பார்த்தார். "ஆமா, ஒரு இழை குறையுது."

அன்று இரவே டைம்லைனைத் திறந்தேன். மயில் கழுத்துச் சேலையின் ஃபுட்டேஜில் அக்காவின் கை கரை நாடாவைக் கோக்கும் ஷாட்டைத் தேடி எடுத்து, இரண்டு குளோசப்புக்கும் நடுவில் வைத்தேன். ஒரு விநாடியும் நான்கு ஃபிரேமும், அதாவது 29 ஃபிரேம். அதற்குப் பிறகு வருகிற எல்லாச் சத்தமும் அந்த அளவுக்குத் தள்ளிப்போனது. ஒரு வாய்ஸ் ஓவரை மறுபடி பொருத்த வேண்டியிருந்தது, தறிச் சத்தத்தை இரண்டு இடத்தில் திரும்ப இழைக்க வேண்டியிருந்தது. விடிகிற நேரத்தில் எக்ஸ்போர்ட் போட்டேன். நான் சமர்ப்பித்த படம் 11 நிமிடம், 7 விநாடி, 4 ஃபிரேம்.